இட்லித் துணியும் வாயல் சேலையும்: ஆச்சியின் முகத்தைத் துணியில் செய்வது எப்படி?

தாராவி 90 அடி சாலைப் பக்கம் வளர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய ஆச்சி கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்தவர். வீட்டிலேயே இட்லி அவித்து விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவர். இப்போது அவர் இல்லை, வீட்டையும் காலி செய்யப் போகிறார்கள். டிரங்குப் பெட்டியில் ஒரு கல்யாணப் பட்டு, நிறைய வாயல் சேலைகள், சில நைலக்ஸ் (நைலான்) சேலைகள், ஒரு அளவு ரவிக்கை, ஒரு கட்டு இட்லித் துணி எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்தே ஆச்சியின் உருவப்படம் ஒன்று செய்து புது வீட்டில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கேட்டிருப்பது நான்கு விஷயம்: எனக்கு வரையத் தெரியாது, முடியுமா? ஒட்டுவதா, தைப்பதா? பட்டுச் சேலையை வெட்டலாமா? மும்பை மழைக்கு அது தாங்குமா?

முடியும், தம்பி. வரையத் தெரிய வேண்டியதில்லை, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். மாட்டுங்காவில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குக் கோடு போடாமல் கை நிற்காது. துணிக்குக் கோடு பிடிக்காது, அதற்கு வேண்டியது பரப்பு. ஒரு கன்னம், ஒரு நெற்றி, தோளிலிருந்து இறங்கும் ஒரு நிழல் என்று பரப்புகளாகப் பிரித்துப் பார்க்கிறவருக்குத் துணி சீக்கிரம் வசப்படும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "இதெல்லாம் கலையா, வெறும் கைவேலையா" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பிக்காசோ 1912-இல் ஓவியத்தின்மேல் நாற்காலிப் பிரம்பு வேலை அச்சிட்ட மேஜை விரிப்புத் துணியை ஒட்டியதைத்தான் ஐரோப்பியக் கலை வரலாறு பெரிய திருப்பமாகச் சொல்கிறது. நம் வீடுகளில் அது அதற்கு முன்பிருந்தே நடந்து வந்தது. தஞ்சாவூர் ஓவியம் என்பதே பலகை, துணி, சுண்ணப் பசை, கல், தங்கத்தாள் எல்லாம் சேர்ந்த வேலைதானே. ரவி வர்மா தன் அச்சகத்தை 1894-இல் தொடங்கியது இதே மும்பையில். அந்த அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் போனபோது, பெண்கள் அந்தக் காகிதப் படத்துக்கு நிஜத் துணியில் சேலை வெட்டி ஒட்டி, ஜரிகையும் சம்கியும் மணியும் வைத்துத் தைத்தார்கள். முகமும் கையும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் துணி. பழைய வீட்டுச் சாமி அறைகளில் இன்னமும் அவற்றைப் பார்க்கலாம். தேரில் தொங்கும் தொம்பைகளில் துணியை வெட்டி வைத்துத் தைத்த யாளியும் தெய்வமும் இதே வித்தைதான். ஆகவே நீங்கள் செய்யப்போவது எங்கிருந்தோ இறக்குமதியான விஷயம் இல்லை.

நம் காலத்துக் கலைஞர்களிலும் ஆள் நிறைய உண்டு. டெல்லிப் பக்கம் வேலை செய்யும் பாரதி கேர் சேலைகளைப் பிசினில் நனைத்து இறுகவைத்து, அவற்றையே பெண்களின் உருவப்படம் என்று நிறுத்தியிருக்கிறார். அதில் முகமே கிடையாது, சேலைதான் ஆள். அமெரிக்காவில் ஃபெயித் ரிங்கோல்ட் 1980-இல் தையல் தெரிந்த தன் அம்மாவோடு சேர்ந்து, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் 30 முகங்களை ஒரு மெத்தை விரிப்பில் கொண்டுவந்தார். தாராவியிலேயே 2015-இல் ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய கலைத் திருவிழாவில் அங்குள்ள பெண்கள் செய்த துணி வேலைகளும் இருந்தன.

இனி உங்கள் டிரங்குப் பெட்டிக்கு வருவோம். இந்த வேலையின் பாதி வெற்றி எந்தத் துணியை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. எல்லோரும் முதலில் கைவைப்பது கல்யாணப் பட்டில். வேண்டாம் என்பேன். ஆச்சி அதை வாழ்நாளில் எத்தனை முறை கட்டியிருப்பார்? இட்லிப் பானைக்கு முன்னால் நின்ற ஆச்சி கட்டியிருந்தது வாயல் சேலை. விடிவதற்கு முன் எழுந்து மாவைக் கலக்கி ஊற்றியபோது கைக்குக் கீழே இருந்தது இட்லித் துணி. ஒருவரை நினைவில் நிறுத்துகிற துணி எது என்றால் அவர் மேலேயே கிடந்து, வெளுத்து, கிழிந்து, ஒட்டுப்போடப்பட்ட துணிதான். பார்க்கிறவர்களுக்கு ஆச்சியைத் தெரியாவிட்டாலும், பலமுறை துவைத்துத் தேய்ந்த வாயலுக்கும் கடையில் புதிதாகக் கிழித்து வாங்கிய வாயலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தேய்மானத்தை மறைக்காதீர்கள். ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அதை முன்பக்கமே வருகிற மாதிரி வையுங்கள். அவர் கையால் போட்ட தையல் அல்லவா.

உங்களிடம் இருப்பவற்றில் என்னை மிகவும் இழுப்பது இட்லித் துணிதான். வருடக்கணக்கில் நீராவியில் வெந்த பருத்தி. தட்டின் குழிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வட்ட வட்டமாகத் தொய்ந்திருக்கும், நிறம் தூய வெள்ளையாக இருக்காது. வெள்ளையும் பழுப்பும் கலந்த அந்த நிறத்தைக் கடையில் வாங்க முடியாது. அதைத் தலைமுடிக்கு எடுங்கள். ஓரத்தில் இருந்து நூலை ஒவ்வொன்றாக உருவினால் நெளிநெளியாக வரும், நரைமுடிக்கு அதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரியாது. வங்காளத்துக் காந்தா வேலையிலும் பழைய சேலைக் கரையிலிருந்து நூலை உருவித்தான் பூ வேலை செய்வார்கள். மீதமுள்ள துணியை, வட்டங்களைக் கலைக்காமல், முகத்துக்குப் பின்னால் வரும் பரப்பாக விரித்துத் தைக்கலாம். தூரத்தில் சாதாரண வெளிர் பின்னணி, கிட்டே வந்தால் இட்லித் தட்டின் குழிகள் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். இட்லித் துணியில் மாவுச்சத்து இறங்கியிருக்கும். அப்படியே தைத்து மாட்டினால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடிவரும். நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, அலசி, மறுபடி கொதிக்கவைத்து, கடைசித் தண்ணீர் கலங்காமல் வரும்வரை செய்யுங்கள். பிறகு வெயிலில் காயவையுங்கள். வெளுக்கும் பவுடர் எதுவும் வேண்டாம், கறை இருந்தால் இருக்கட்டும்.

மற்ற துணிகளைப் பிரிப்பதற்கு எது என்ன துணி என்று தெரிய வேண்டும். பழைய சேலைகளில் சீட்டெல்லாம் இருக்காது. ஓரத்திலிருந்து சில நூல்களை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், கருகிய நுனியை விரலால் பொடியாக்கலாம். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். இது எதற்கென்றால், இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கு வைக்கிற சூட்டில் நைலக்ஸ்மேல் வைத்தால் அது சுருங்கி உருகிவிடும், இரண்டும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது இந்த விபத்து சாதாரணம். சாயம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு சேலைமேலும் அழுத்தி வைத்து எடுங்கள். சிவப்பும் அரக்கும்தான் அதிகம் ஏமாற்றும். சாயம் விடுகிற துணியை இனி விடாது என்கிற வரை தனியாக அலசிய பிறகே சேருங்கள். மும்பைக் காற்றின் ஈரமே மழைக்காலத்தில் சாயத்தைப் பக்கத்துத் துணிக்கு இழுத்துவிடும்.

இப்போது ஃபோட்டோ. ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தை விட்டுவிடுங்கள். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்த படத்தில் முகம் தட்டையாகிவிடும், நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் துணிக்கு வேலை இல்லை. கல்யாண வீட்டுப் படத்தில் அவர் ஓரமாக இருக்கிறார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்திருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய படம். அதைப் போனில் படம்பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஐந்து படிகள் மட்டும் இருக்கிற மாதிரி மாற்றுங்கள். போனில் இதற்கு இலவச செயலிகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் கான்ட்ராஸ்டை ஏற்றி எடுத்துத் தரச் சொல்லலாம். பெரிதாக்கும்போது முகம் நிஜ முகத்தின் அளவாவது வரவேண்டும். அதற்குச் சின்னதாகப் போனால் கண்ணிமைக்கு வெட்டுகிற துண்டு ஊசியில் நிற்காமல் பிரிந்து போகும். படம் முழுசாக 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் தலை, தோள், கை வரை வசதியாக வரும்.

படம் மங்கலாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். சாயல் என்பது கண் காது மூக்கில் இருப்பதைவிட, ஆள் நிற்கிற விதத்தில் அதிகம் இருக்கிறது. தெருமுனையில் வருகிற சொந்தக்காரரை முகம் தெரிவதற்கு முன்பே அடையாளம் கண்டுவிடுகிறோம் அல்லவா? ஆச்சிக்கு ஒரு தோள் சற்று இறங்கியிருக்குமா, முந்தானையை எப்படிச் சொருகுவார், கொண்டை எந்த உயரத்தில் இருக்கும், கழுத்தை எந்தப் பக்கம் சாய்ப்பார் என்று அம்மாவிடமும் அத்தைகளிடமும் கேளுங்கள். யாரையாவது அவர் மாதிரி உட்காரச் சொல்லிப் படம் எடுத்து, உடலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இது ஏமாற்று வேலை இல்லை, ஓவியர்கள் எப்போதும் செய்வதுதான்.

துணிகளையும் கறுப்பு வெள்ளையில் படம்பிடியுங்கள். இதைச் செய்கிற அன்று உங்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற சிவப்பும், மந்தமாகத் தெரிகிற பச்சையும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். அதாவது முகத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம், வெளிச்சக் கணக்கு கெடாது. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் கன்னம் நீலமாக இருந்தாலும் கண் அதைக் கன்னம் என்றுதான் படிக்கும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோல் நிறம் என்று வந்தவுடன் நம் ஆட்கள் கை தானாகச் சந்தன நிறத் துணிக்குப் போகிறது. ஆச்சி கறுப்பாக இருந்தவர் என்றால், மாநிறமாகக் கூட ஆக்காதீர்கள். கறுப்பு முகத்துக்கு என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பீசா பட்லரின் வேலைகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். அவர் ஓவியம் படித்தவர், ஆனால் பெயிண்டைத் தொடாமல் முழுக்க முழுக்கத் துணியிலேயே ஆள் உயர உருவங்களைத் தைக்கிறார். 2001-இல் தன் பாட்டி தாத்தாவின் கல்யாணப் படத்தைப் பார்த்து, பாட்டிக்காகச் செய்தது அவருடைய தொடக்க கால வேலைகளில் ஒன்று. நிழலுக்கு ஊதாவும் கருநீலமும், வெளிச்சம் படுகிற இடத்துக்கு ஆரஞ்சும் குங்குமச் சிவப்பும் என்று அவர் வைக்கிற முகங்கள் கறுப்பின் முழு அழகோடு இருக்கின்றன. உங்கள் பெட்டியில் உள்ள அரக்கு, கத்தரிப்பூ நிறம், மயில் கழுத்து, பாக்கு நிறம் எல்லாம் ஆச்சியின் முகத்துக்கு வேண்டியவைதான். வெளிர் நிறத்தை மூக்கின் மேடு, கன்ன எலும்பு, நெற்றியில் ஒரு கீற்று என்று மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாயலுக்கு ஒரு பெரிய குணம் உண்டு: ஒளி ஊடுருவும். ஒரே சேலையில் இருந்து வெட்டிய துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு மடிப்புக்கு ஒரு நிறம், இரண்டுக்குச் சற்று அடர்த்தி, மூன்றுக்கு இன்னும் அடர்த்தி என்று படிப்படியாக இறங்கும். கன்னத்துக்குக் கீழே, கழுத்தின் குழியில், கண் பள்ளத்தில் எல்லாம் தனி நிறம் தேடாமல் இன்னொரு மடி வாயலைப் போட்டால் நிழல் தானாக வரும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் கறுப்பு வலைத்துணியை ஒரு துண்டு மேலே வைக்கலாம். நைலக்ஸ் வழுக்கும், பளபளக்கும், முகத்துக்கு ஆகாது. சேலை மடிப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தளமாக நல்ல காடாத் துணி வாங்குங்கள். தாராவியிலேயே தையல்காரர்களுக்குப் பொருள் விற்கிற கடைகளில் கிடைக்கும், மங்கள்தாஸ் மார்க்கெட்டில் ரகம் அதிகம். கண்டிப்பாக முதலிலேயே துவைத்துச் சுருங்கவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அது சுருங்கும்போது முகம் கோணிப்போகும். அதன்மேல் உங்கள் ஐந்து படிப் படத்தைக் கார்பன் காகிதம் வைத்து நகல் எடுங்கள். இருட்டான பெரிய பரப்புகளை முதலில் வைத்து, அதன்மேல் வெளிச்சமான சின்னத் துண்டுகளை ஏற்றிக்கொண்டே வாருங்கள். எல்லாத் துண்டையும் குண்டூசியில் நிறுத்திய பிறகு, தைப்பதற்கு முன் சுவரில் மாட்டி அறையின் மறு கோடியிலிருந்து பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளையிலும் பாருங்கள். மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றிவிட வேண்டும். நாலு நாள் சுவரிலேயே கிடந்தாலும் நஷ்டமில்லை.

ஓரங்களை மடித்துத் தைப்பதா, அப்படியே விடுவதா என்பது அடுத்த கேள்வி. முகத்தில் மடிக்காதீர்கள். மடித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரப்பு எழும், முகம் தகடு தகடாகிவிடும். வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டு உள்ளே தள்ளி ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழும் நேராக ஓட்டிப்போகிற சாதாரணத் தையல்) போட்டால் நூல் கொஞ்சம் பிசிராகும், பக்கத்து நிறத்தோடு கலக்கும். அது நல்லதுதான். சேலைக் கரை, ரவிக்கை, பின்னணி இவற்றில் மடித்துத் தைக்கலாம். வளைவான துண்டுகளை நூலோட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய துணி இழுபடும், கன்னத்தின் வளைவுக்குச் சுருக்கமில்லாமல் உட்காரும்.

கண்ணுக்குக் கண் வரையப் பார்க்காதீர்கள். மேல் இமையின் நிழல் ஒரு துண்டு, கருவிழி ஒரு துண்டு, அதில் வெளிச்சம் படுகிற புள்ளிக்கு வெள்ளை நூலில் ஒரே ஒரு தையல். விழியின் வெள்ளைக்கு வெள்ளைத் துணி வைத்தால் முகம் முறைக்கும், பழுப்பேறிய இட்லித் துணியோ வெளிர் சாம்பல் நிறமோ வையுங்கள். மூக்கைச் சுற்றிக் கோடு கிடையாது, ஒரு பக்க நிழல் போதும். உதட்டுக்கு இரண்டு உதடும் சேர்கிற கோடுதான் உயிர்.

அடுத்தது முகச் சுருக்கம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அக்கம்பக்கத்து மராட்டிப் பெண்களிடம் கோதடி பார்த்திருப்பீர்கள். பழைய சேலைகளை அடுக்கி, நெருக்க நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். எல்லா மடியையும் ஊடுருவிப் போகிற அந்தத் தையல் துணியை இலேசாகச் சுருக்கி, சின்னச் சின்ன மேடு பள்ளங்களை உண்டாக்கும். முகத்தின் துண்டுகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, பின்னால் இன்னொரு மடி பழைய பருத்தியை வைத்து, கன்னத்தின் வளைவைப் பின்பற்றி, கண்ணின் ஓரத்திலிருந்து விரிந்து, கழுத்தில் குறுக்கே என்று தோலின் போக்கிலேயே இப்படித் தையல் ஓட்டுங்கள். நூலைச் சற்று இழுத்தால் சுருக்கம் ஆழமாகும், விட்டால் மெல்லிதாகும். பெயிண்டிலும் பென்சிலிலும் வயதைக் காட்டலாம், ஆனால் விரல் வைத்தால் தட்டுப்படுகிற சுருக்கத்தைத் துணிதான் தரும். மூக்கும் வாயும் தெரியாத தூரத்திலிருந்து பார்த்தாலும் ஒரு முதிய பெண் என்று சொல்லவைப்பது இந்தத் தையல்தான். உங்கள் பக்கத்து வீட்டில் கோதடி தைக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். என்னுடைய எந்த விளக்கமும் அதற்கு ஈடாகாது.

ஒட்டலாமா என்ற கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. பசை போட்ட துணி அட்டையாகிவிடும், இந்தத் தையலே அதில் நடக்காது. ஃபெவிகால் மெல்லிய வாயலில் மேலே ஊறி வந்து கறையாக நிற்கும், காலப்போக்கில் மஞ்சளாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. அதில் மயில் துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று பழைய பைண்டிங் கடைக்காரர்கள் சொல்வார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். சூட்டில் ஒட்டுகிற வலைத்தாளைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். பின்னணியின் பெரிய பருத்திப் பரப்புகளுக்குச் சரி, முகத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். நேரமாகிறது என்றால் ஆகட்டும். கையால் தைத்தால் பிடிக்காததைப் பிரிக்கலாம், அது பெரிய வசதி.

துணி இல்லாத பொருள்களில் கொஞ்சம் கைகட்டிக்கொள்ளுங்கள். இரும்புக் கொக்கி, ஊக்கு எல்லாம் இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்து, துரு துணியை அரித்துவிடும். ரவிக்கையில் இருக்கிற கொக்கிகள் இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, பால் அட்டை மாதிரிக் காகிதங்களை மூலத்தையே தைக்காதீர்கள். நகலைப் பருத்தித் துணியில் அச்சிட்டு வையுங்கள். ஆச்சி பாம்படம் என்கிற கனமான காதணி போட்டவர் என்றால், கனத்தில் தொங்கும் காதை மட்டும் சரியாகக் காட்டினால் போதும், நகையை நூலில் தைத்துவிடலாம். அளவு ரவிக்கையைப் பிரிக்காமல் முழுசாக வைக்க முடியுமானால் வையுங்கள். அவருடைய தோளும் கையும் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்கிற ஒரே ஆவணம் உங்கள் வீட்டில் அதுதான். அதைப் படத்தின் உடம்பாகவே வைத்து, அதற்கேற்ப முகத்தின் அளவை முடிவு செய்வது அருமையான வழி.

பட்டுச் சேலைக்கு வருகிறேன். வெட்டுவது பாவமா என்று கேட்டால், பெட்டியில் மடித்தே வைத்துப் பத்து வருடம் கழித்து மடிப்போரத்தில் கிழிந்துபோவதைவிடப் பாவமில்லை. ஆனால் அது உங்கள் ஒருவர் சொத்து இல்லை. அத்தைகளையும் சித்தப்பாக்களையும் கேட்டுவிட்டுக் கத்தரியை எடுங்கள். எல்லாச் சேலையையும் விரித்துப் படம் எடுத்துவிட்டு வெட்டுங்கள். பட்டில் முந்தானையைத் தொட வேண்டாம். இடுப்பில் செருகுகிற உள்தலைப்பிலிருந்து ஒரு சாண் எடுத்தால் கண்ணுக்கே தெரியாது, படத்துக்கு அதுவே மிச்சம். அந்த ஒரு சாண் இரட்டை நிறப் பட்டாக இருந்தால் அதிர்ஷ்டம். பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்பதால் ஒரே துணியை நெடுக்காக வைத்தால் ஒரு நிறம், குறுக்காக வைத்தால் இன்னொன்று தெரியும். ஆள் நகர நகர வெளிச்சம் மாறும். மூக்குத்தி, நெற்றிப் பொட்டு, கண்ணின் ஓரத்தில் ஒரு கீற்று என்று அதைச் சொட்டுச் சொட்டாகச் செலவழியுங்கள்.

பழைய பட்டு நைந்திருந்தால் நூலை இழுத்துத் தைக்காதீர்கள், ஊசி போன துளையிலேயே கிழியும். பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தையுங்கள். பழைய நல்ல ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி முலாம் பூசியது. அது கறுக்கும். எலுமிச்சையோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். கறுத்த ஜரிகை அப்படியே இருக்கட்டும், அந்த முகத்துக்கு அதுதான் பொருந்தும்.

மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான பயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். 65, 70-ஐத் தாண்டினாலே துணியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் நான் உங்களுக்குச் சொல்வது, கண்ணாடிச் சட்டம் வேண்டாம் என்பதே. படத்தின் பின்னால் மேல் ஓரத்தில் துணியாலேயே ஒரு குழாய் மாதிரி நீளமாகத் தைத்து, அதில் கம்பியைச் செருகித் தொங்கவிடுங்கள். காற்றோட்டம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் நல்லது. நேர் வெயில் படக்கூடாது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சம்தான் விடுவார்கள். வீட்டில் அவ்வளவு இருட்டு வேண்டாம், ஜன்னலுக்கு எதிரே இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. மழை வலுக்கும் மாதங்களில் கழற்றி, அட்டைக் குழாய்மேல் வெள்ளைப் பருத்தியைச் சுற்றி, அதன்மேல் படத்தை முகப்பக்கம் வெளியே இருக்கும்படி உருட்டி வையுங்கள். மடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே வேர்த்துவிடும், பழைய வேட்டியில் சுற்றுங்கள். செப்டம்பர் முடிந்ததும் நிழலில் உலர்த்தி மாட்டலாம்.

பின்பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் துணியைத் தைத்து, ஆச்சியின் பெயர், ஊர், முகத்தில் எந்தச் சேலை, பின்னணியில் எந்தத் துணி, எந்த வருடம் செய்தது, எது சாயம் விடும் என்று நூலிலோ அழியாத மையிலோ எழுதிவையுங்கள். நாளைக்கு அதைச் சுத்தம் செய்யப்போகிறவருக்கு இந்தக் கடைசி விவரம்தான் முதலில் தேவைப்படும்.

வீட்டில் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் அடம்பிடித்தால், ஃப்ரேம் கடைக்காரரிடம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே அரை அங்குலமாவது இடைவெளி விட்டு, சுற்றிலும் மரக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி துணியைத் தொட்டால் அந்த இடத்தில்தான் பூஞ்சை முளைக்கும். பின்பலகையாக வெறும் பிளைவுட்டையோ பழுப்பு அட்டையையோ வைப்பார்கள், இரண்டிலிருந்தும் வருகிற அமிலம் துணியைப் பழுப்பாக்கும். நடுவில் துவைத்த காடாத் துணி இரண்டு மடி வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சட்டத்தை மூட வேண்டாம். நவம்பர், டிசம்பரில், காற்று காய்ந்திருக்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.